மகள் செல் ஏன் காத்திருக்கிறது?

1

ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படுகிற ஈஸ்ட் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகும்? பாடப்புத்தகத்தைப் புரட்டினால் சுமார் 90 நிமிடம் என்று போட்டிருக்கும். தப்பில்லை. ஆனால் அந்த 90 நிமிடத்துக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் நிறைய இருக்கின்றன. 30 டிகிரி வெப்பம் வேண்டும், வேண்டிய மட்டும் குளுக்கோஸ் வேண்டும், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் எல்லாம் கரைசலில் தயாராக இருக்க வேண்டும். குளுக்கோஸுக்குப் பதிலாக எத்தனாலைக் கொடுத்துப் பாருங்கள், அதே ஈஸ்ட் மணிக்கணக்கில் இழுத்தடிக்கும்.

சோறு குறைந்தால் வேலை மெதுவாகும், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். கேள்வி அடுத்த படியில் இருக்கிறது. 90 நிமிடச் சுழற்சி 200 நிமிடமாகும்போது அதில் எந்தப் பகுதி நீள்கிறது? பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பல்லவி, சரணம், இடையிசை எல்லாமே ஒரே அளவில் இழுபடும். ஈஸ்ட்டுக்கும் அப்படித்தானா? டி.என்.ஏ.வை நகலெடுப்பது, அதை இரண்டு பக்கமாகப் பிரிப்பது, செல்லைத் துண்டிப்பது எல்லாமே இரண்டு மடங்கு மெதுவாகுமா? இல்லை, ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டு, மற்றதையெல்லாம் வழக்கமான வேகத்தில் முடிக்கிறதா?

நான் மென்பொருள் எழுதுகிறவன். உயிரியலோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்கு உடனே புரிந்தது. காரணம், ஒரு புரோகிராமைக் காத்திருக்க வைக்க எங்கள் தொழிலில் இரண்டு வழி உண்டு. ‘பத்து நிமிஷம் தூங்கு, அப்புறம் எழுந்து வேலையைப் பார்’ என்று டைமர் வைக்கலாம். அல்லது, ‘ஃபைல் முழுசா வந்து சேர்ந்ததான்னு பார்த்துக்கிட்டே இரு, வந்ததும் தொடங்கு’ என்று நிபந்தனை வைக்கலாம். நெட்வொர்க் நன்றாக ஓடும்வரை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேகம் குறைகிற நாளில்தான் எது டைமர், எது நிபந்தனை என்று தெரியவரும். உயிரியலாளர்கள் செய்ததும் இதையேதான். நன்றாக வளர்கிற ஈஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் புலப்படாது. அதனால் வளர்ச்சியை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்.

செல் சுழற்சியின் வரலாற்றை வழக்கமாக மரபணு வேட்டையாகச் சொல்வார்கள். லீலாண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் மூவருக்கும் 2001-இல் கிடைத்த நோபல் பரிசு அந்தக் கதையின் உச்சம். அதன் பக்கத்திலேயே இன்னொரு கதை அவ்வளவாகப் பேசப்படாமல் ஓடுகிறது. வளர்ச்சி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தவர்களின் கதை. செல் எப்படிப் பிரிகிறது என்பதை மரபணு வேட்டை சொன்னது. எப்போது பிரியலாம் என்பது எதைப் பொறுத்தது என்று சொன்னது இந்த இரண்டாவது கதைதான்.

2

முதலில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1950-களின் தொடக்கம்வரை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்களுக்கு ஒரு செல்லின் வாழ்க்கையில் சுவாரசியமான நேரம் ஒன்றுதான்: குரோமோசோம்கள் தடித்து, வரிசையாக நின்று, இரண்டு பக்கமும் இழுபடுகிற மைட்டாசிஸ். மற்ற நேரமெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும்.

லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் வேலை பார்த்த ஆல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும் ஒருவகை அவரைச் செடியின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்தார்கள். புதிதாக டி.என்.ஏ. செய்கிற செல்களுக்குள் அந்தப் பாஸ்பரஸ் போய்ச் சேரும், படச்சுருளில் தடம் விடும். 1953-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, செல் எப்போதும் டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டிருப்பதில்லை. அதற்கென்று நடுவில் ஒரு குறிப்பிட்ட காலம் இருக்கிறது. அதை எஸ் என்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் காலங்களை ஜி1, ஜி2 என்றார்கள். ‘ஜி’ என்ற எழுத்து இடைவெளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

அவர்கள் அளந்தது டி.என்.ஏ.வை. டி.என்.ஏ.வில் எதுவும் நடக்காத நேரம் அவர்கள் கருவிக்கு இடைவெளியாகத்தான் தெரியும். பெயர் நியாயமானதுதான். ஆனால் ஒன்றுக்கு இடைவெளி என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதற்குள் எட்டிப்பார்க்க யாருக்கும் அவ்வளவாகத் தோன்றாது.

3

வளர்ச்சி வேகத்தை ஒரு அளவீடாக எடுத்துக்கொண்டு முதலில் தீவிரமாக யோசித்தவர்கள் பாக்டீரியாக்காரர்கள். 1958-இல் கோபன்ஹேகனிலிருந்து மோசெலியோ ஷேக்டர், ஓலே மாலோ, நீல்ஸ் ஓலே ஷெல்கார்ட் மூவரும் சால்மொனெல்லா பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பலவகைக் கரைசல்களில் அதே பாக்டீரியாவை வளர்த்தார்கள். சில கரைசல்களில் ஊட்டம் அதிகம், சிலவற்றில் குறைவு. ஒவ்வொன்றிலும் செல்லின் அளவையும், அதிலிருக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. அளவையும் பார்த்தார்கள். கரைசலில் என்னென்ன போட்டோம் என்பது முக்கியமில்லை, பாக்டீரியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது ஒன்றே போதும், செல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்பது முடிவு. வேகமாக வளர்கிற செல் பெரிதாக இருக்கும்.

பத்து வருடம் கழித்து, 1968-இல், ஸ்டீஃபன் கூப்பரும் சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு விசித்திரமான கணக்கைக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ.வை முழுதாக நகலெடுக்க அதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகிறது. அது முடிந்து செல் பிரிய இன்னும் 20 நிமிடம். மொத்தம் 60. ஓரளவு வேகமாக வளர்கிற பாக்டீரியாவில் இந்த நேரம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. ஆனால் நல்ல கரைசலில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறதே! 60 நிமிட வேலையை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எப்படி முடிக்க முடியும்?

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் பதில் உடனே தெரியும். ஒரு வேலை முடியும் முன்பே அடுத்ததை ஆரம்பித்துவிட வேண்டியதுதான். வேகமாக வளர்கிற ஈ. கோலையில் ஒரு நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தொடங்கிவிடும். இன்று பிரிகிற செல்லுக்கான டி.என்.ஏ. வேலை அதன் பாட்டி பிறந்த நேரத்திலேயே ஆரம்பித்திருக்கும். அதே ஆண்டில் வில்லியம் டோனக்கி இந்தக் கணக்கோடு பழைய கோபன்ஹேகன் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு நகலெடுப்பும் செல்லின் எடை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது தொடங்குகிறது என்று தெரிந்தது. அதாவது, நிபந்தனை.

ஈஸ்ட்டுக்கு இந்த வசதி கிடையாது. நம்மைப் போலவே அதன் செல்லுக்கும் உட்கரு இருக்கிறது. ஒரு சுழற்சிக்கு ஒரு தடவைதான் டி.என்.ஏ.வை நகலெடுக்கும், ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடங்காது. அப்படின்னா வளர்ச்சி வேகம் மாறும்போது அது என்னதான் செய்யும்?

4

ஹார்ட்வெல்லுக்குப் புற்றுநோயில்தான் ஆர்வம். பாலூட்டிகளின் செல்களை வைத்து மரபியல் செய்வது அப்போது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் ஈஸ்ட்டுக்குப் போனார். கலிஃபோர்னியாவில் அர்வைன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 36 டிகிரியில் வளர முடியாத சுமார் 400 ஈஸ்ட் மியூட்டன்ட்களைச் சேகரித்தார். குறைந்த வெப்பத்தில் இவை நன்றாக வளரும். சூடாக்கினால், பழுதான அந்த ஒரு மரபணு வேலை செய்யாமல் போய், செல் நின்றுவிடும்.

1968-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே பிரையன் ரீட் என்ற இளநிலை மாணவர் மியூட்டன்ட்களைச் சூடாக்கி மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட் நடுவில் பிளந்து இரண்டாவதில்லை. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மொட்டு விடும், மொட்டு வளரும், கடைசியில் அறுந்து தனிச் செல்லாகும். பழைய செல்லைத் தாய் என்றும் மொட்டிலிருந்து வந்ததை மகள் என்றும் சொல்வது வழக்கம். மொட்டின் அளவைப் பார்த்தே செல் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மொட்டு இல்லை என்றால் ஜி1. சின்ன மொட்டு என்றால் நகலெடுப்பு. பெரிய மொட்டு என்றால் பிரியப்போகிறது.

சில மியூட்டன்ட்களைச் சூடாக்கியதும் தட்டில் இருந்த அத்தனை செல்களும், முன்பு எந்த நிலையில் இருந்தாலும், ஒரே மாதிரி மொட்டோடு வந்து நின்றன. ரயில்கள் வெவ்வேறு ஊரிலிருந்து புறப்பட்டாலும் பாலம் உடைந்த இடத்தில் எல்லாம் வந்து நிற்கிற மாதிரி. பாலம் எங்கே உடைந்திருக்கிறது என்பதை மொட்டு சொல்லிவிட்டது. 1970-இல் முதல் கட்டுரை வந்தது. 1973-க்குள் 148 மியூட்டன்ட்களை 32 மரபணுக்களாகப் பிரித்துவிட்டார்கள். சி.டி.சி. என்று பெயர் கொடுத்து எண் போட்டார்கள்.

அவற்றில் 28-ஆம் எண்ணுக்குத் தனி மரியாதை. அந்த மரபணு பழுதானால் செல் மொட்டும் விடாது, டி.என்.ஏ.வையும் நகலெடுக்காது. ஆண் ஈஸ்ட், பெண் ஈஸ்ட் என்று சொல்லத்தக்க இரண்டு வகைகள் இணைவதற்கு முன் செல் நிற்கும் இடமும் அதுவே. அந்த இடத்துக்கு ஹார்ட்வெல் குழுவினர் ‘ஸ்டார்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அதைத் தாண்டிவிட்டால் செல் சுழற்சியை முடித்தே ஆக வேண்டும். நடுவில் மனம் மாற வழியில்லை.

கவனியுங்கள், ஸ்டார்ட் என்ற இடம் செல் பிறக்கும் கணத்தில் இல்லை. ஹோவர்டும் பெல்க்கும் இடைவெளி என்று சொன்ன ஜி1-இன் உள்ளே இருக்கிறது. பிறந்ததற்கும் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் செல் என்ன செய்கிறது?

5

1977-இல் பதில் வந்தது. அந்த ஒரே ஆண்டில் மூன்று கட்டுரைகள். முதலாவது, ஜான்ஸ்டன், பிரிங்கிள், ஹார்ட்வெல் எழுதியது. அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். சி.டி.சி. மியூட்டன்ட்களில் பிரிவு நின்றுபோனாலும் செல் வளர்ந்துகொண்டே போகிறது, பூதம் மாதிரி பெரிதாகிறது. அதாவது, வளர்வதற்குப் பிரிவின் அனுமதி தேவையில்லை. அடுத்து, நைட்ரஜன் இல்லாமல் பட்டினி போட்டால், ஸ்டார்ட்டைத் தாண்டிய செல்கள் பட்டினியிலும் பிரிவை எப்படியோ முடித்துவிடுகின்றன, அப்புறம் மிகச் சின்னச் செல்களாக ஜி1-இல் நிற்கின்றன. கடைசியாக, அந்தச் சின்னச் செல்களுக்கு மறுபடி உணவு கொடுத்தால் அவை உடனே மொட்டு விடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வளர்ந்த பிறகே விடுகின்றன. இதிலிருந்து, சுழற்சியின் வேகத்தைத் தீர்மானிப்பது டி.என்.ஏ. வேலைகளின் வேகம் இல்லை, வளர்ச்சியின் வேகம்தான் என்று சொன்னார்கள்.

இரண்டாவது கட்டுரை ஜகதீஷும் கார்ட்டரும் நேச்சர் இதழில் எழுதியது. வெவ்வேறு வேகத்தில் வளரும் ஈஸ்ட்டில் சி.டி.சி. மரபணுக்களின் வேலை எப்போது நடக்கிறது என்று பார்த்தார்கள். அவர்களும் இதே திசையில்தான் வந்து சேர்ந்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஹார்ட்வெல்லும் அங்கரும் எழுதியது. புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸிமைட் என்ற மருந்தை மிகக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். கொல்லும் அளவுக்கு இல்லை, வளர்ச்சியை மெதுவாக்கும் அளவுக்கு. உணவு அதே உணவுதான், வேகம் மட்டும் குறைகிறது. அளவைக் கூட்டக் கூட்ட ஈஸ்ட் கூட்டம் இரட்டிப்பாகும் நேரம் நீண்டது. ஒவ்வொரு வேகத்திலும் மொட்டோடு இருக்கும் காலம் எவ்வளவு, மொட்டில்லாத காலம் எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு என்று அளந்தார்கள்.

மொட்டோடு இருக்கும் காலம் பெரிதாக மாறவில்லை. தாயின் மொட்டில்லாத காலம் ஓரளவு நீண்டது. மகளின் மொட்டில்லாத காலம்தான் எக்கச்சக்கமாக நீண்டது. கூட்டம் இரட்டிப்பாகும் நேரம் 100 நிமிடம் கூடினால், மகளின் காத்திருப்பு 124 நிமிடம் கூடுகிறது. நீண்டது முழுக்க ஸ்டார்ட்டுக்கு முந்தைய பகுதிதான்.

இந்த 124 என்ற எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் குழம்பினேன். மொத்தம் 100 கூடும்போது ஒரு பகுதி எப்படி 124 கூடும்? அப்புறம்தான் விளங்கியது. 100 என்பது கூட்டத்துக்கான கணக்கு. தாய்மார்கள் தங்கள் பங்குக்கு அவ்வளவு தாமதிப்பதில்லை. அவர்கள் தாமதிக்காத மிச்சமும் சேர்ந்து மகளின் கணக்கில் விழுகிறது.

காரணமும் எளிமையானது. மொட்டுக் காலத்தில் வளர்ச்சியில் பெரும்பகுதி மொட்டுக்கே போகிறது, தாய் அதிகம் பெருப்பதில்லை. அந்தக் காலத்தின் நீளமோ கிட்டத்தட்ட மாறாதது. வளர்ச்சி மெதுவானால் அதே நேரத்துக்குள் மொட்டு குறைவாகத்தான் வளரும், மகள் சின்னதாகப் பிறக்கும். சின்னதாகப் பிறந்த மகள், வேண்டிய அளவை எட்ட வெகுநேரம் வளர வேண்டும். தாயோ அந்த அளவை ஏற்கெனவே தாண்டியவள், கொஞ்சம் மூச்சு விட்டு அடுத்த மொட்டுக்குத் தயாராகிவிடுவாள்.

இதை நான் ஒரு சின்னப் புரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தேன். தாயின் சுழற்சியைவிட மகளின் முதல் சுழற்சி சரியாக இரண்டு மடங்கு நீளம் என்று வைத்தால், திரையில் 1, 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள் வரிசையாக வந்தன. பள்ளியில் முயல் கணக்காகப் படித்த ஃபிபனாச்சி வரிசை. முயல் எதுவும் அப்படிக் குட்டி போடுவதில்லை. ஈஸ்ட் கிட்டத்தட்ட அப்படிப் பெருகக்கூடும்.

தாய், மகள் என்ற சொற்களை வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு வேறு கதைகள் மனதில் ஓடும். வறுமை வரும்போது வீட்டில் யார் தட்டில் முதலில் குறைகிறது என்கிற கதை. எனக்கும் ஓடியது. ஆனால் ஈஸ்ட்டில் யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. இன்றைய மகள் முதல் மொட்டு விட்டதும் தாயாகிவிடுவாள், அதற்குப் பிறகு அவளுக்கும் நீண்ட காத்திருப்பு இல்லை. இங்கே வறுமையின் சுமை விழுவது பிறந்தவுடன் வரும் அந்த ஒரு காலத்தின் மீதுதான்.

6

இதே சமயத்தில் எடின்பரோவில் இன்னொரு ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியது. பெயர் ஷைசோசாக்கரோமைசிஸ் போம்பே. பம்பாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போம்பே என்றால் சுவாஹிலியில் பீர். ஆப்பிரிக்கச் சிறுதானியப் பீரிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தெடுத்த ஈஸ்ட் இது. குச்சி வடிவம், மொட்டு விடாது, நடுவில் சுவர் எழுப்பிச் சமமாகப் பிளக்கும்.

மர்டாக் மிச்சிசனின் ஆய்வகத்தில் இருந்த இளைஞரான பால் நர்ஸ், 1975-இல் ஒரு மியூட்டன்ட்டைப் பற்றி எழுதினார். அது வழக்கமான அளவில் பாதியாக இருக்கும்போதே பிரிந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் சின்னதை ‘வீ’ என்பார்கள், மரபணுவுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. மற்ற மியூட்டன்ட்களெல்லாம் செல்லைப் பிரிய விடாமல் நிறுத்தின. இது சீக்கிரமாகவே பிரிய வைத்தது. ஒரு கதவு இருக்கிறது, அதற்கு ஒரு காவலாளி இருக்கிறார், அந்தக் காவலாளிதான் பழுது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த ஈஸ்ட்டில் முக்கியமான கதவு ஜி1-இல் இல்லை, ஜி2-இல் இருக்கிறது. 1977-இல் ஃபான்டெஸும் நர்ஸும் காட்டியபடி, அந்தக் கதவு கேட்கிற அளவும் நிலையானதல்ல, ஊட்டத்துக்குத் தக்கபடி மாறுகிறது. ஏழைக் கரைசலில் சின்னச் செல்லையும் விட்டுவிடும். வளமான கரைசலில் இன்னும் பெரிதாகி வா என்று திருப்பி அனுப்பும்.

1982-இல் நர்ஸும் கூட்டாளிகளும், போம்பேயின் சி.டி.சி.2 மரபணு பழுதான செல்லுக்குள் ரொட்டி ஈஸ்ட்டின் சி.டி.சி.28-ஐப் போட்டார்கள். செல் பிழைத்துக்கொண்டது. 1987-இல் மெலனி லீயும் நர்ஸும் மனித மரபணு ஒன்று அதே வேலையைச் செய்வதைக் காட்டினார்கள். இந்த இடத்திலிருந்துதான் நோபல் கதை வேகம் பிடிக்கிறது.

7

கதவு கிடைத்துவிட்டது. செல் தன் அளவை எப்படித் தெரிந்துகொள்கிறது? அதனிடம் டேப்பும் இல்லை, தராசும் இல்லை.

1979 வாக்கில் ரொட்டி ஈஸ்ட்டிலும் இந்த அளவு நிலையானதல்ல என்று தெளிவாகிவிட்டது. வேகமாக வளர்கிற செல் பெரிதான பிறகே மொட்டு விடுகிறது. மெதுவாக வளர்வது சின்னதாக இருக்கும்போதே விட்டுவிடுகிறது. 1980-இல் சட்பரி, கூடி, கார்ட்டர் மூவரும் சின்ன அளவிலேயே ஸ்டார்ட்டைத் தாண்டும் மியூட்டன்ட்களைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்றின் மரபணு பின்னாளில் சி.எல்.என்.3 என்று அறியப்பட்டது. அது செல்லை முன்னே தள்ளும் புரதத்தைச் செய்கிறது. 2000-க்குப் பிறகு எதிர்ப்பக்கத்து ஆளும் சிக்கினார். டபிள்யூ.எச்.ஐ.5 என்ற புரதம் ஸ்டார்ட்டைப் பிடித்து நிறுத்தும் தடை.

2015-இல் ஸ்டான்ஃபோர்டின் யான் ஸ்கோதைமும் குழுவினரும் அழகான ஒரு விடையை முன்வைத்தார்கள். தடைப் புரதம் ஜி1-இல் புதிதாகப் பெரிதாக உற்பத்தியாவதில்லை. செல் வளர்கிறது, ஆனால் தடைப் புரதம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் அதன் அடர்த்தி குறையும். குழம்பில் தண்ணீர் சேர்க்கச் சேர்க்க உப்பு குறைகிற மாதிரி. தள்ளுகிற புரதத்தின் அடர்த்தியோ மாறுவதில்லை. தடை போதுமான அளவு நீர்த்துப்போனதும் கதவு திறக்கிறது. செல் தன் அளவை அளக்கத் தேவையே இல்லை, வளர்ந்தாலே போதும்.

எனக்கு இந்த விடை ரொம்பப் பிடித்திருந்தது. அளக்கும் கருவி இல்லாமலே அளவு பார்க்கிற வடிவமைப்பு, எந்த இன்ஜினியருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வேறு ஆய்வகங்கள் வேறு மாதிரிச் சொல்லின. தடைப் புரதத்தின் அடர்த்தி ஜி1-இல் அவ்வளவு குறையவில்லை என்று சிலர் அளந்தார்கள். மகள் பிறக்கும்போது அதனிடம் எவ்வளவு தடைப் புரதம் இருக்கிறது என்பதைச் செயற்கையாக மாற்றினாலும் அளவுக் கட்டுப்பாடு பெரிதாகக் கெடுவதில்லை என்று 2020-இல் பார்பர், அமீர், மர்ரே எழுதினார்கள். வாதம் இன்னும் ஓடுகிறது. மாறாத மொட்டுக் காலம் என்ற 1977-இன் படமும் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது. ஏழை ஊட்டத்தில் மைட்டாசிஸும் நீள்கிறது, அதன் நீளமும் மகளின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 2017-இல் லெய்ட்டோவும் கெல்லாகும் காட்டினார்கள். ஆனால், காத்திருப்பின் பெரும்பகுதி ஸ்டார்ட்டுக்கு முன்னால்தான் என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

8

மருந்து கொடுத்து மெதுவாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி கெமோஸ்டாட். 1950-இல் பாரிஸில் ஜாக் மோனோவும், சிகாகோவில் ஆரன் நோவிக்கும் லியோ சிலார்டும் தனித்தனியாக யோசித்த கருவி. பாத்திரத்துக்குள் புதுக் கரைசல் ஒரே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், அதே அளவு பழைய கரைசல் செல்களோடு வெளியேறும். உள்ளே வரும் கரைசலில் ஒரே ஒரு ஊட்டம் மட்டும் குறைவாக இருக்கும். குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு வேகத்தில்தான் செல்கள் வளர முடியும். வளர்ச்சி வேகம் ஆய்வாளர் கையிலிருக்கும் திருகாணியில் வந்துவிடுகிறது.

2008-இல் பிரின்ஸ்டனில் டேவிட் பாட்ஸ்டைனின் குழு இப்படி 36 கெமோஸ்டாட் வளர்ப்புகளை ஓட்டியது. குளுக்கோஸ், அம்மோனியம், சல்ஃபேட், பாஸ்ஃபேட், யுராசில், லியூசின் என்று ஆறு வகைப் பற்றாக்குறை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேகம். எது பற்றாக்குறை என்பது முக்கியமில்லை, வேகம் குறையக் குறைய ஜி1-இல் நிற்கும் செல்களின் விகிதம் நேர்கோட்டில் கூடியது. ஈஸ்ட்டின் மரபணுக்களில் கால்வாசிக்கும் மேல் வேகத்தோடு நேர்கோட்டில் ஏறி இறங்கின. கோபன்ஹேகன்காரர்கள் 1958-இல் பாக்டீரியாவில் பார்த்த அதே ஒழுங்கு, அரை நூற்றாண்டு கழித்து ஈஸ்ட்டின் ஆயிரக்கணக்கான மரபணுக்களில்.

அதே ஆய்வில் ஒரு விலகலும் தெரிந்தது. பாஸ்ஃபேட், சல்ஃபேட் குறைந்தபோது ஈஸ்ட் சிக்கனமாகியது, மிச்சமிருந்த குளுக்கோஸைத் தொடவில்லை. லியூசின், யுராசில் குறைந்தபோதோ குளுக்கோஸைக் கண்டபடி எரித்து வீணாக்கியது. இந்த இரண்டையும் சாதாரண ஈஸ்ட் தானே செய்துகொள்ளும். ஆய்வகத்தில் அந்தத் திறனைப் பிடுங்கிய ஈஸ்ட்டுக்குத்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பாஸ்ஃபேட் பஞ்சத்தை ஈஸ்ட்டின் முன்னோர்கள் காலங்காலமாகப் பார்த்திருக்கிறார்கள். லியூசின் பஞ்சம் மனிதர் உண்டாக்கியது. அதற்கு எப்படி அடங்கி இருப்பது என்று அந்தச் செல்லுக்குத் தெரியவில்லை. இப்படிப் பட்டினி கிடக்கும் செல்கள் சீக்கிரம் செத்தும் போகின்றன. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை எரிக்கும் விதத்தை இது நினைவூட்டுகிறது என்று அந்தக் கட்டுரைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள்.

நம் செல்களிலும் ஜி1-இல் இப்படி ஒரு கதவு இருப்பதை ஆர்தர் பார்டி 1974-இலேயே சொல்லியிருந்தார். ஈஸ்ட்டின் தடைப் புரதம் செய்கிற வேலையை நம்மிடம் ஆர்.பி. என்ற புரதம் செய்கிறது. இரண்டுக்கும் உருவ ஒற்றுமை கிடையாது, வேலை மட்டும் ஒன்று. பல புற்றுநோய்களில் இந்தக் கதவுதான் பழுது.

இந்த இடம் எனக்கு வெறும் வரலாறாக இல்லை. என் சித்தி மார்பகப் புற்றுநோய்க்குப் பால்போசிக்ளிப் என்ற மாத்திரை எடுத்துக்கொள்கிறார். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. “இது அந்தச் செல்லைக் கொன்னுடுமாப்பா?” என்று ஒருநாள் கேட்டார். “கொல்றதுன்னு இல்ல சித்தி. கதவுகிட்ட நிறுத்தி வைக்கும். தாண்ட விடாது” என்றேன். “காத்திருக்க வைக்குமா? அவ்வளவுதானா?” என்று நம்பாமல் பார்த்தார். அவ்வளவுதான். ஆர்.பி. தடையை விலக்கும் இரண்டு நொதிகளை அந்த மாத்திரை முடக்குகிறது, செல் ஜி1-இலேயே நிற்கிறது. 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும். எலும்பு மஜ்ஜையில் ரத்தச் செல்களை உண்டாக்கும் நல்ல செல்களும் அதே கதவில் நின்றுவிடுவதால், அவற்றுக்கு அந்த ஏழு நாள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மாதம் எத்தனை செல்கள் கதவில் நின்றன என்றுதான் எனக்கு ஓடும்.

9

செல் சுழற்சியைப் புத்தகங்களில் ஒரு வட்டமாக வரைவார்கள். தோசையை வெட்டியது போல ஜி1, எஸ், ஜி2, எம் என்று நான்கு துண்டுகள். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும். நான் பார்த்த எந்தப் படத்திலும் ஜி1 துண்டு எந்த ஊட்டத்தில் வளரும் செல்லுக்காக வரையப்பட்டது என்று எழுதியிருந்ததில்லை. தாய்க்கா, மகளுக்கா என்றும் இருந்ததில்லை. வளமான கரைசலில் தாய் செல்லுக்கு வரைந்தால் அந்தத் துண்டு மெல்லியதாக இருக்கும். ஏழைக் கரைசலில் மகளுக்கு வரைந்தால் வட்டத்தில் பாதிக்கு மேல் அதுவே நிரப்பும். அடுத்த தடவை அந்த வட்டம் கண்ணில் பட்டால், இடைவெளி என்று பெயர் போட்ட துண்டை முதலில் பாருங்கள். அந்தச் செல்லுக்கு என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.